மாடி வீட்டிற்கு ஆள் தேடும்போது



நமது பங்குகளில் வீடு வாடகைக்கு விடுவோர் பெருஞ்செல்வர் அல்லர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையையும் சேமநிதியையும் போட்டு மாடியில் இரண்டு அறை எழுப்பிய பள்ளி ஆசிரியர். கணவரை இழந்தபின் வீட்டின் முன்பகுதியைத் தடுத்து வாடகைக்கு விட்டு, அவ்வருவாயில் அரிசியும் மருந்தும் வாங்கும் கைம்பெண். வெளிநாட்டில் உழைக்கும் மகன் கட்டிய வீட்டைக் காத்திருக்கும் முதிய பெற்றோர். இவர்களே நாம் அறிந்த வீட்டுக்காரர்கள். மூன்று மாத வாடகை நின்றுவிட்டால் அந்த நட்டம் இவர்களுடைய அடுப்பங்கரையிலேயே தெரியும். ஆகவே குடிவர இருப்போரைப் பற்றி நன்கு விசாரித்தறிய இவர்களுக்கு உரிமை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை.

"யாரையும் சந்தேகியாதீர்கள், வந்தவருக்குக் கதவைத் திறவுங்கள் என்று சாமி எழுதப் போகிறார்" என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்ட முனைவோர் சற்றுப் பொறுத்தருள்க. நம்மவர்கள் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். வேண்டிய மட்டும் விசாரிக்கிறார்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீடு சேதமின்றித் திரும்பக் கிடைக்குமா என்னும் இரண்டையும் அறிவதே அவ்விசாரணையின் நோக்கமாயிருத்தல் வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டிற்கும் விடை தருபவையாக இல்லை என்பதே நமது குறை.

வீட்டுக்காரரின் அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்தபோது வாடகைக் கட்டுப்பாடு நம் நாட்டில் பரவலாயிற்று. சென்னை மாகாணத்தில் 1946-இலும் 1949-இலும் இதற்கெனச் சட்டங்கள் வந்தன. அவற்றின் பின் வந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. குடியிருப்போரைக் காக்க எழுந்த அச்சட்டத்தின் கீழ், தம் வீட்டைத் திரும்பப் பெற விரும்பிய உரிமையாளர் பலர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, மேல்முறையீடு, உயர்நீதிமன்றச் சீராய்வு என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். "விட்ட வீடு விட்டதுதான்" என்ற பேச்சு அந்த அலைச்சலிற் பிறந்தது.

அச்சட்டம் இன்று இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. இரண்டு மாத வாடகையை நிலுவை வைத்து, அறிவிப்புக் கொடுத்த பின்னும் செலுத்தாமை, எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டிடத்திற்குப் பெருஞ்சேதம் விளைத்தல் ஆகியவை வீட்டைத் திரும்பக் கேட்பதற்குரிய காரணங்களுள் அடங்கும். சட்டம் மாறிவிட்டது, அதன் செய்தி மட்டும் நம் வீட்டுத் திண்ணைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

இனி, டூ-லெட் பலகையைக் கண்டு ஒருவர் வாயிற்படியில் வந்து நிற்கும்போது நிகழ்வதை நோக்குவோம். "எந்த ஊர், தம்பி?" என்பது முதற் கேள்வி. அதிற் பிழையில்லை. ஊர்ப்பெயரைச் சொன்னவுடன், "ஊரில் எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கா, கிழக்கா?" என்று அடுத்தது வரும். பின்பு, "அங்கே இன்னார் உங்களுக்கு என்ன உறவு?" என்பார்கள். கேட்பவர் பூகோளம் படிப்பதற்காகக் கேட்கவில்லை. ஞானஸ்நானப் பெயர் சாதியைக் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தோணிசாமியும் ஆரோக்கியமேரியும் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். ஆகவே பெயரில் கிட்டாததைத் தெருவில் தேடுகிறார்கள். விடை கிடைத்ததும் முகம் மாறாமல், "ஏற்கெனவே ஒருவர் கேட்டிருக்கிறார், அவர் வேண்டாமென்றால் சொல்லி அனுப்புகிறோம்" என்று விடைகொடுப்பார்கள். நற்கருணை வாங்க ஒரே வரிசையில் நின்ற இருவருக்கிடையே திங்கட்கிழமை காலையில் இவ்வுரையாடல் நிகழ்வதை நாம் அறிவோம். கேட்டவர் அதை மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அந்த வீட்டைத் தாண்டிச் செல்லும்போது தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று பலகையில் எழுதலாமா என்று நம்மைக் கேட்டோர் உண்டு. எழுதுவோர் அதில் ஒரு பக்தியைக் காண்கிறார்கள். நமது பிள்ளைகள் செவிலியராகவும் கணினிப் பொறியாளராகவும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அறை தேடுகையில், "சைவர்களுக்கு மட்டும்" என்ற பலகையைக் கண்டு திரும்பி வந்து, மீன்குழம்பு வைப்பது குற்றமா என்று தொலைபேசியில் அழுவதையும் அதே பெற்றோர்தாம் நம்மிடம் சொல்லி வருந்துகிறார்கள். இஸ்லாமியக் குடும்பம் ஒன்று நல்ல வேலையும் நல்ல வருவாயும் இருந்தும் நகரத்தில் தெருத்தெருவாய் அலைய நேர்வது இன்று யாவரும் அறிந்த செய்தி. ஒரு பலகை நமக்கு நேர்ந்தால் அநீதியாகவும் நாம் தொங்கவிட்டால் பக்தியாகவும் இருத்தல் இயலாது.

சட்டம் என்ன கூறுகிறது என்று வினவலாம். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள் போன்றவற்றைப் பெயர் சுட்டி, சமயம், சாதி முதலியன காட்டி அங்கு எவரையும் தடுக்கலாகாது என்கிறது; தனியார் வாடகை வீட்டை அவ்வாறு பெயர் சுட்டவில்லை. எனினும் இரண்டு சட்டங்கள் தெளிவாகப் பேசுகின்றன. எச்.ஐ.வி. தொற்று உடையவர் என்பதற்காக வீடு மறுப்பதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. திருநர் என்பதற்காக மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. இவ்விரண்டையும் நம் வீட்டுக்காரர்களிற் பலர் கேள்விப்பட்டதேயில்லை.

தனியே வரும் பெண்களிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறொரு வகை. "வீட்டுக்காரர் எங்கேயம்மா? எப்போது வருவார்? வரமாட்டாரென்றால் ஏன்?" கணவனால் கைவிடப்பட்டுக் குழந்தையோடு பிழைக்கும் பெண் உண்மையைச் சொன்னால் வீடு கிடைப்பதில்லை. ஆகவே, "அவர் துபாயில் வேலையாயிருக்கிறார்" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்து உண்மை தெரியவருகிறது. "பொய் சொல்லிக் குடிவந்தாள்" என்று வீட்டுக்கார அம்மாள் நம்மிடம் வந்து முறையிடுகிறார். அம்மா, அப்பொய்யை அவளிடமிருந்து கேட்டு வாங்கியது யார்? அவளுடைய ஆறு மாத வாடகை ஒரு நாளும் தாமதமாகவில்லை என்பதை நாம் விசாரித்தறிந்தபின், அவரிடம் மேலே சொல்வதற்கு நமக்கு ஒன்றும் இருக்கவில்லை. தேவையற்ற கேள்வியினால் விளையும் தீங்கு இதுதான். நல்லவரையும் அது பொய் சொல்ல வைக்கிறது. நாணமற்றவருக்கோ அது எளிய தேர்வு. மனைவி மக்களோடு வந்து, கூசாமற் பேசி, நல்ல குடும்பஸ்தர் என்று பெயர் வாங்கி, எட்டு மாத வாடகையை விழுங்கிச் சென்றவர்களையும் நம் பங்குகளிற் கண்டிருக்கிறோம். அவர்களிடம் ஊரும் உறவும் விரிவாகவே விசாரிக்கப்பட்டிருந்தன.

"வீட்டில் வயதானவர், படுக்கையிற் கிடப்பவர் உண்டா?" என்ற கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. மாடிப்படி ஏற முடியாதே என்ற கரிசனத்தினால் கேட்போர் மிகச் சிலர். வீட்டில் சாவு நேர்ந்தால் அடுத்துக் குடிவர ஆள் கிடைக்காது என்பதே பலருடைய கணக்கு. நோயில் பூசுதல் கொடுக்க வாடகை வீடுகளுக்கு நாம் அழைக்கப்படும்போது, நோயாளியின் தலைமாட்டில் ஒரு கவலை இருக்கிறதென்றால், வாயிற்புறத்தில் வேறொரு கவலை இருக்கிறது. "சாமி, ஏதாவது ஆகிவிட்டால் கீழே கொண்டுவந்து வைக்க வீட்டுக்காரர் விடுவாரா?" என்று தழுதழுத்த குரலில் மகன் கேட்கிறான். மருத்துவமனையிலிருந்து உடலை நேரே கோயில் மண்டபத்திற்குக் கொண்டுவரச் சொன்ன நாள்களும் உண்டு. சாகப்போகும் கிழவி அதையறிந்து, "என்னைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்வதும் உண்டு. தன் பிள்ளைகளுக்கு வீடு போய்விடக் கூடாதே என்று! சாவு நிகழாத வீடு என்று ஒன்று கட்டப்படுமானால் அதன் வாடகை என்னவாயிருக்குமோ நாமறியோம். நம் பங்கு மக்களுள் வீடு விடுவோர், குடிவருவோரிடம் இவ்வொரு வாக்கைத் தாமாகவே முன்வந்து கொடுக்கலாம்: "உங்கள் வீட்டில் எது நேர்ந்தாலும் வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம்." அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எனில், விசாரிக்க வேண்டியவை யாவை? நாம் வாடகை வசூலிப்பவரல்லர். எனினும் பல பங்குகளில் பல வழக்குகளைக் கேட்டதில் தெளிந்தவை சில உண்டு.

முதலாவது, அவர் முன்பு குடியிருந்த வீடு. ஒருவர் வாடகையை எப்படிக் கொடுப்பார் என்பதற்கு, முன்பு எப்படிக் கொடுத்தார் என்பதைக் காட்டிலும் நல்ல சாட்சி வேறில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. இப்போது அவர் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். தொல்லை தருபவரை அனுப்பிவிட விரும்பும் வீட்டுக்காரர் அவரைத் தங்கமானவர் என்று புகழ்வார்; நல்லவரை இழக்க மனமில்லாதவர் ஏதேனும் குறை சொல்லவும் கூடும். அதற்கு முந்திய வீட்டுக்காரருக்கு இவ்விரு நோக்கமும் இல்லை. அவரிடம் இரண்டே கேள்விகள் போதும்: வாடகை எந்தத் தேதியில் வந்தது? போகும்போது வீடு எந்நிலையில் இருந்தது? மூன்றாவதாக எதையும் கேட்டால் ஊர்க்கதைதான் வரும்.

அடுத்து, வருவாய். குடும்ப வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போய்விடுமானால், அக்குடும்பம் எவ்வளவு நேர்மையுடையதாயினும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தடுமாறும். வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் பார்ப்பதில் தவறில்லை. கட்டிட வேலை, தையல், ஆட்டோ என்று நாட்கூலியில் வாழ்வோரிடம் சம்பளச் சீட்டு இராது. அவர்களுக்கு மாதத்தின் முதல் தேதியைவிட வாரந்தோறும் பகுதி பகுதியாகச் செலுத்துவது எளிதாயிருக்கும். அதற்கு உடன்பட்டு ஒழுங்காகப் பெற்றுவரும் வீட்டுக்காரர்களை நாம் அறிவோம். திருப்பூர், கோவை போன்ற ஊர்களில் வட மாநிலத் தொழிலாளரை ஓர் அறையில் எட்டுப் பேராக அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்போர் நம்மவரிலும் இருப்பதாகக் கேள்வி. அங்கு மட்டும் ஊரும் சாதியும் உணவும் கேட்கப்படுவதில்லை!

எத்தனை பேர் குடியிருப்பார்கள், எத்தனை வண்டிகள் நிறுத்த வேண்டும், இரவுப்பணி உண்டா, தண்ணீர் மோட்டார் எப்போது போடப்படும், மின்சாரத்திற்குத் தனி மீட்டரா என்பவற்றை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கும் குடியிருப்போருக்கும் இடையே நம்மிடம் வந்த பிணக்குகளில் வாடகைக்காக எழுந்தவற்றைக் காட்டிலும் தண்ணீருக்காக எழுந்தவையே மிகுதி.

அடையாளச் சான்று பெறுதல் அவசியமே. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படியான நகலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது, அதுவே போதும். நகலின் மேல் "வாடகை வீட்டிற்காக மட்டும்" என்று எழுதித் தேதியிட்டு வாங்குங்கள். பிறர் கையிற் சிக்காமற் பேணுங்கள். காவல்துறையின் இணையதளத்தில் குடியிருப்போரைப் பற்றிச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். ஒருவர் மேல் குற்ற வழக்கு உண்டா என்பதை அது கூறும். அவர் படியில் எச்சில் துப்புவாரா என்பதைக் கூறாது.

இனி, நம்மிடம் கேட்கப்படும் கடிதம். வேற்றூருக்குக் குடிபெயர்வோர் பலர், "சாமி, வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு கடிதம் கொடுங்கள்" என்கிறார்கள். மகிழ்வோடு கொடுக்கிறோம். ஆனால் அக்கடிதத்தைப் படிப்போர் அதன் எல்லையை அறிதல் நன்று. இக்குடும்பம் இப்பங்கின் பதிவேட்டில் உள்ளது, இத்தனை ஆண்டுகளாக நாம் இவர்களை அறிவோம் என்று நாம் எழுத முடியும். ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் அமர்பவர் முதல் தேதியில் வாடகை தருவார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. சாமியின் கடிதம் இருக்கிறதே என்று மற்ற விசாரணையைக் கைவிடுவதும், சாமியின் கடிதம் இல்லையே என்று நல்லதோர் இந்துக் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதும் ஒரே வகைச் சோம்பல்.

விசாரிக்கச் சோம்பிப் பெரும் முன்பணத்தைக் கேட்போரும் உண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். புதிய சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் பெறலாகாது என்கிறது. பத்து மாதப் பணத்தைப் புரட்டுவதற்காகத் தாலியை அடகு வைத்துக் குடிவருபவர் மாதந்தோறும் வட்டியும் கட்ட வேண்டியவராகிறார். வாடகை பிந்துவதற்கு வீட்டுக்காரரே வித்திட்டவராகிறார். பெற்ற முன்பணத்தை மாடிப்படிக்கும் மகள் திருமணத்திற்கும் செலவிட்டுவிட்டு, குடியிருந்தவர் காலி செய்யும்போது, "அடுத்தவர் வந்து கொடுத்தால்தான் தரமுடியும்" என்போர் பலர். காலி செய்த ஒரு மாதத்திற்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டுமென்பது சட்டம். ஆகவே குடிவருவோரும் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கட்டும். முன்பு குடியிருந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றாரா என்று அவர்கள் கேட்டால் சினங்கொள்ளாதீர்கள்.

முதியோர் ஓர் ஏமாற்றை அறிந்திருப்பது நலம். வீடு வாடகைக்கு என்று இணையத்தில் விளம்பரம் செய்தால், தாம் இராணுவ அதிகாரி என்றும் பணிமாற்றம் பெற்று வருவதாகவும் ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். வீட்டைப் பாராமலேயே ஒப்புக்கொள்வார். சீருடைப் படமும் அனுப்புவார். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லிக் கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடச் சொல்வார். போட்டவுடன் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதேயில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். வீட்டை வந்து பாராதவருக்கு வீட்டை விடாதீர்கள்.

ஆள் முடிவானபின் ஒப்பந்தத்தை எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டுமென்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கவே பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் தோன்றியது. இப்போது பதினொரு மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதனை இணையதளத்திலேயே செய்யலாம். உறவினர்தானே, பங்குக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். உறவினரோடுதான் எழுத்து மிகவும் தேவைப்படுகிறது. வாடகை எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு உயரும், வெள்ளையடிப்பது யார், குழாய் பழுதானால் செலவு யாருடையது என்பன அதில் இருக்கட்டும். சாவி கொடுக்கும் நாளில் இருவருமாக வீட்டைச் சுற்றி வந்து, மின்விசிறி, குழாய், கதவுத் தாழ், சுவரிலுள்ள விரிசல் ஆகியவற்றைக் குறித்து, மீட்டர் அளவையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்திற்கு ரசீது கொடுங்கள். ரொக்கமாக வாங்கினாலும் கொடுங்கள்.